கடனும் உத்தியோகமும்

ஏழுமலைப் பெருமாள் தம் கலியாணத்துக்காகக் குபேரனிடம் கடன் பெற்று, இன்றளவும் வட்டி செலுத்தி வருகிறார் என்பது திருப்பதி வட்டாரத்தில் வழங்கும் கதை. அவ்வளவு நீண்ட தவணை தெய்வத்துக்கு வாய்க்கலாம். மாதச் சம்பளக்காரருக்கு வாய்ப்பதில்லை. கடன்பட்டவரின் சர்க்கார் உத்தியோகத்துக்குப் பங்கம் வருமா என்று சித்தூர் அன்பர்கள் சிலர் வினவியதால் இதனை எழுதுகிறோம்.

நாம் பணிபுரியும் ரயில்வேயில் 1966ஆம் ஆண்டின் ஊழியர் நடத்தை விதிகள் நடைமுறையில் உள்ளன. மற்ற மத்திய சர்க்கார் ஊழியருக்கு 1964ஆம் ஆண்டின் விதிகள். இரண்டிலும் 17ஆவது விதி ஏறக்குறைய ஒன்றே. ஊழியர் ஓயாக் கடனிலும் திவாலிலும் வீழாதவாறு தம் சொந்த விவகாரங்களை நடத்திக்கொள்ள வேண்டும். கடனை வசூலிக்க எவரேனும் வழக்குத் தொடர்ந்தால் அதன் முழு விவரத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். நம்மவர் தவறுவது இவ்விடத்தில்தான். சம்மனை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுச் சம்பள ஜப்தி உத்தரவு ஆபீசுக்கு வரும்வரை வாய் திறவார். அப்போது கடனோடு, மறைத்த குற்றமும் சேர்ந்துவிடுகிறது.

அவ்விதியே ஒரு வழியும் வைத்திருக்கிறது. முன்கூட்டி அறிய இயலாத, தம் கைக்கு மீறிய காரணத்தால் நேர்ந்த கடன், ஊதாரித்தனத்தால் நேர்ந்ததன்று என ஊழியர் மெய்ப்பிக்கலாம். மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையதே. ஆகவே மனைவியின் அறுவை சிகிச்சைக்கு வாங்கிய கடனாயின் ஆஸ்பத்திரி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

யாரிடம் வாங்குகிறோம் என்பதும் கவனிக்கத்தக்கது. பார்சல் குமாஸ்தா, பார்சல் அனுப்பும் வியாபாரியிடம் கைம்மாற்று வாங்கினால் அவர் குடுமி வியாபாரியின் கையில் அகப்பட்டுவிடும். 16ஆவது விதி அதனைத் தடுக்கிறது. உறவினரிடம் வட்டியின்றிப் பெறும் சிறு தொகைக்கும், மளிகைக்கடைப் பற்றுக்கும் தடையில்லை.

ஜப்தியைக் குறித்து வீண் அச்சம் வேண்டா. ஜீவனாம்ச வழக்கு நீங்கலாக, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரு பங்கும் தொடப்படா என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு. கணக்கிற் கொள்ளும் சம்பளம் 31,000 ஆயின் 10,000 மட்டுமே பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்காக மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் கூடாது.

பாங்கு உத்தியோகத்தை நாடும் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் கடுமை. பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகத் தேறிய ஒருவரின் நியமனம், பழைய கடன் தவணைகள் தவறியிருந்தமையால் ரத்தாயிற்று. 2025இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ரத்தை ஏற்றுக்கொண்டது. தவணை தவறியவர் தகுதியற்றவர் என்று விளம்பரத்திலேயே கண்டிருந்தது. கடனைப் பின்னர் அடைத்ததாகச் சொன்ன வாதம் எடுபடவில்லை.

அமெரிக்காவில் அரசாங்க இரகசியங்களைக் கையாளும் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். 2017 முதல் அங்கு நடைமுறையிலுள்ள வழிகாட்டி, தீராக் கடனோடு வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாமையையும், வரி பாக்கியையும் குறையாக எண்ணுகிறது. பண நெருக்கடியில் உள்ளவரைப் பிறர் எளிதில் வளைக்கலாம் என்பதே காரணம். பார்சல் வியாபாரியின் கதைதான்! நோயாலோ வேலையிழப்பாலோ நேர்ந்ததாயின், வரி இலாகாவோடு தவணை பேசி ஒழுங்காகச் செலுத்தி வருவோரின் நிலையைப் பரிவோடு பார்க்கவும் அவ்வழிகாட்டியில் இடமுண்டு.

இறுதியாக ஜாமீன். ஊர்விட்டு வந்த நாம் ஒருவருக்கொருவர் சீட்டுக்கும் கடனுக்கும் கையொப்பமிடுவது வழக்கம். மறுத்தால் உறவு கசக்கும் என்பதையும் அறிவோம். ஆயினும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்பட்டவரின் பொறுப்புக்குச் சமம். அவரை விடுத்து நேரே நம்மீதே வழக்குத் தொடரலாம். அவ்வாறு தொடர்ந்தால், ஒரு காசும் வாங்காத நாமும் 17ஆவது விதிப்படி ஆபீசுக்கு எழுதியாக வேண்டும். முன்பே கையொப்பமிட்டவர்கள், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி ஆண்டுக்கொருமுறை இலவசமாகக் கிடைக்கும் கடன் அறிக்கையை வரவழைத்து, அக்கணக்கு எந்நிலையில் இருக்கிறதென்று பார்த்துக்கொள்ளலாம்.