அச்சைச் செய்தது யார்? மெட்டாகிளாஸைத் தெரிஞ்சுக்கோங்க, எழுத அவசரப்படாதீங்க!

திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவர்கள், மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலையைத் தாண்டித்தான் வரணும். கார்த்திகை தீபத்தன்று அங்கே வாசல்தோறும் அகல் விளக்கு எரியும். ஒரே அச்சில் நூறு அகல் எடுக்கலாம். சரி, அந்த அச்சைச் செய்தது யார்? இந்தக் கேள்வி புரிந்தால் மெட்டாகிளாஸ் பாதி புரிந்த மாதிரி.

அகல்தான் ஆப்ஜெக்ட். அச்சு, கிளாஸ். அச்சைச் செய்பவர், மெட்டாகிளாஸ்.

பைத்தானில் கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான். 5-இன் டைப் என்ன என்று கேட்டால் ‘இன்ட்’ என்று பதில் வரும். இன்ட்டின் டைப்? ‘டைப்’. அந்த டைப்பின் டைப்? அதுவும் ‘டைப்’தான்! கிரிவலம் மாதிரி, கிளம்பிய இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

நீங்கள் ஒரு கிளாஸ் எழுதியதும், அதன் பெயர், பேரன்ட் கிளாஸ்கள், உள்ளே எழுதியவை ஆகியவற்றை பைத்தான் ‘டைப்’பிடம் கொடுக்கிறது. கிளாஸ் பிறக்கிறது. பிறகு அந்த கிளாஸை அழைத்தால், முதலில் ஓடுவது மெட்டாகிளாஸின் ‘கால்’ மெத்தட். அது ‘நியூ’ மூலம் வெறும் ஆப்ஜெக்டை உருவாக்கும். ‘இனிட்’ மூலம் எண்ணெயும் திரியும் போடும். ‘இனிட்தான் ஆப்ஜெக்டை உருவாக்குது’ என்று இன்டர்வியூவில் சொன்னால் தப்பு. இனிட்டுக்கு வரும் ‘செல்ஃப்’ ஏற்கெனவே பிறந்துவிட்டது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்கிறீர்களா? ஜாங்கோவில் மாடல் கிளாஸ் எழுதினால் ஃபீல்டுகள் டேட்டாபேஸ் டேபிளின் காலம்களாக மாறுகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது ‘மாடல்பேஸ்’ என்ற மெட்டாகிளாஸ். அதே மாடலோடு ‘ஏபிசி’யையும் பேரன்ட்டாகச் சேர்த்துப் பாருங்கள்: ‘மெட்டாகிளாஸ் கான்ஃப்ளிக்ட்’ என்று எரர் வரும். ஒரு கிளாஸை இரண்டு மெட்டாகிளாஸ்கள் உரிமை கொண்டாடும் சண்டை அது. அடிப்படை தெரியாதவர் இணையத்தில் கிடைத்ததை ஒட்டிவிட்டு, ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்.

ஆனால், தெரிந்துவிட்டது என்பதற்காக ஆபீஸ் புராஜெக்டில் மெட்டாகிளாஸ் எழுதிவிடாதீர்கள். 2016-இல் வந்த பைத்தான் 3.6-இலேயே ‘இனிட் சப்கிளாஸ்’ என்ற எளிய வழி வந்துவிட்டது. கிளாஸ் டெக்கரேட்டரும் இருக்கிறது. பெரும்பாலான வேலைக்கு இவையே போதும். ஃப்ரேம்ஒர்க் எழுதுகிறவருக்கு மெட்டாகிளாஸ் தேவைப்படலாம். மற்றவர்கள் எழுதினால், அடுத்து அந்தக் கோடைத் திறக்கும் சக ஊழியருக்குத்தான் கஷ்டம்.

அகல் ஏன் கோணலாக வருகிறது என்று கண்டுபிடிக்க, அச்சைப் பார்க்கத் தெரிந்தால் போதும். ஆளாளுக்குப் புது அச்சு செய்யக் கிளம்ப வேண்டியதில்லை.