மைலேஜ் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

பழைய கார் ஒன்றைப் பார்க்க மாமாவுடன் கூலாய்க்குப் போயிருந்தேன். காருக்கு வயது ஒன்பது. மீட்டரில் 61,000 கிலோமீட்டர். "ஒரே ஓனர் சார், ரொம்ப ஓடல" என்றார் விற்பவர். மாமாவுக்கு முகமெல்லாம் மகிழ்ச்சி. நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். கதவுத் தூணில், எண்ணெய் மாற்றிய பட்டறையின் பழைய ஒட்டுத்தாள் பாதி கிழிந்த நிலையில் இருந்தது. அடுத்த முறை 118,000 கிலோமீட்டரில் வரவும் என்று அதில் எழுதியிருந்தது. நாங்கள் அந்தக் காரை வாங்கவில்லை.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் பழைய கார் வாங்கும் பேச்சு வரும். அப்போது எல்லாருடைய கண்ணும் போகும் இடம் அந்த ஆறு இலக்க எண்தான். அதை அப்படியே நம்புவதும் தவறு, முழுக்கப் புறக்கணிப்பதும் தவறு. அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவர்தான் அதைச் சரியாக வாசிக்க முடியும் என்பது என் கருத்து.

அந்தக் கருவியின் பெயர் ஓடோமீட்டர். நாம் பேச்சில் மைலேஜ் என்கிறோம். நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் அந்தச் சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவியின் தத்துவமோ மிகப் பழையது. ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ், கி.மு. முதலாம் நூற்றாண்டிலேயே இதை விவரித்திருக்கிறார். வண்டிச் சக்கரத்தின் சுற்றளவு 12.5 அடி. அது 400 முறை சுழன்றால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். மைலுக்கு ஒரு கூழாங்கல் பெட்டிக்குள் விழும். கற்களை எண்ணினால் தூரம் தெரிந்துவிடும்.

இன்றைய காரும் கற்களைத்தான் எண்ணுகிறது. கூழாங்கல்லுக்குப் பதில் மின்துடிப்பு, அவ்வளவுதான். சக்கரத்திலோ கியர்பெட்டியிலோ உள்ள உணரி, சுழற்சிக்கு ஏற்பத் துடிப்புகளை அனுப்புகிறது. காரின் கணினி அவற்றை எண்ணித் தூரமாக மாற்றி நினைவகத்தில் எழுதி வைக்கிறது. ஆக, ஓடோமீட்டர் தூரத்தை நேரடியாக அளப்பதில்லை. சுற்றுகளை எண்ணி, டயரின் சுற்றளவால் பெருக்குகிறது.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் 185/55 ஆர்15 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு. உள்வளையத்தின் விட்டம் 15 அங்குலம். எல்லாவற்றையும் கூட்டினால் டயரின் விட்டம் ஏறக்குறைய 58.45 சென்டிமீட்டர், சுற்றளவு சுமார் 1.836 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 545 சுற்று. இப்போது டயர் 6 மில்லிமீட்டர் தேய்ந்துவிட்டது என்றால்? விட்டம் 1.2 சென்டிமீட்டர் குறையும். அதே தூரத்துக்கு டயர் கூடுதலாகச் சுழல வேண்டும். உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் ஏறக்குறைய 102 காட்டும்.

இதைச் சோதித்தும் பார்க்கலாம். அடுத்த முறை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது, சாலையோரக் கிலோமீட்டர் பலகை ஒன்றைக் கடக்கையில் பயணத் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பலகைகள் தாண்டி மறுபடியும் பாருங்கள். பார்ப்பதும் எழுதுவதும் உங்கள் வேலை. அப்பா சாலையை மட்டும் பார்க்கட்டும்.

இரண்டு விழுக்காட்டுப் பிழை இயற்கை. 57,000 கிலோமீட்டர் காணாமல் போவது மோசடி. எண் நினைவகத்தில்தான் இருக்கிறது என்பதால், கருவி வைத்திருப்பவர்கள் அதை மாற்றிவிடுகிறார்கள். இதில் பணம் மட்டும் போவதில்லை. டைமிங் பெல்ட் உள்ள பல இயந்திரங்களில் 100,000 கிலோமீட்டரை ஒட்டி அதை மாற்றச் சொல்வார்கள். மீட்டர் 61,000 என்று பொய் சொன்னால் யார் மாற்றுவார்கள்? பெல்ட் நெடுஞ்சாலையில் அறுந்தால் ஆபத்து காருக்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தான். எண்ணைக் குறைத்துக் காட்டி விற்பது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

ஆனால், மாற்றப்படாத உண்மையான எண்ணும் முழுக் கதையைச் சொல்வதில்லை. ஜொகூர்வாசிகளான நமக்கு இது நன்றாகவே புரியும். கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். அதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் உங்கள் பெற்றோரைக் கேளுங்கள். ஒரு கார் நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட 3 மணி நேரம் எடுக்கிறது என்று வைப்போம். 250 வேலை நாளில் அது 7,500 கிலோமீட்டர், 750 மணி நேரம். நெடுஞ்சாலையில் சராசரி 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் இன்னொரு கார், அதே 750 மணி நேரத்தில் 67,500 கிலோமீட்டர் ஓடியிருக்கும். இரண்டும் ஒரே அளவு தேய்ந்தன என்று நான் சொல்லவில்லை. டயரும் சக்கர பேரிங்கும் இரண்டாவது காரில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். ஆனால் நெரிசலில் நின்ற காரின் எண்ணெயும் பிரேக்கும் 7,500 என்ற எண் சொல்வதைவிட அதிகம் உழைத்திருக்கின்றன. நெரிசலில் ஓடும் காருக்கு எண்ணெயைச் சீக்கிரம் மாற்றச் சொல்லிப் பல கையேடுகள் அறிவுறுத்துவது இதனால்தான்.

பெல்ஜியம் 2006 முதல் ஒரு நல்ல ஏற்பாட்டைப் பின்பற்றுகிறது. கார் பட்டறைக்கு வரும்போதெல்லாம் மீட்டர் எண் பொதுப் பதிவேட்டில் ஏறும். விற்பவர் அந்தச் சான்றை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டும். நம் நாட்டில் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது சோதித்தால், அதற்கு முன் நடந்தது தெரியாமலே போய்விடும். இங்கும் அப்படியொரு பதிவேடு வர வேண்டும். சிறு பட்டறைகளுக்கு இது கூடுதல் வேலைதான். ஆனால் ஒட்டுத்தாளில் எழுதும் அதே எண்ணைக் கைப்பேசியில் பதிவது பெரிய சுமை அல்ல.

அதுவரை நாம்தான் துப்பறிய வேண்டும். சேவைப் புத்தகத்தைக் கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பரும் ஸ்டீரிங்கும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். டயரில் 2321 என்று இருந்தால் அது 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. 20,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்னும் காரில் டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்கலாம். வயதானதால் மாற்றினோம் என்ற பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஒரே ஒரு தடயத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். பல தடயங்கள் ஒரே திசையைக் காட்டும்போது மட்டும் முடிவுக்கு வாருங்கள். ஆய்வுக்கூடத்தில் ஒரே ஓர் அளவீட்டை நம்பக் கூடாது என்று உங்கள் இயற்பியல் ஆசிரியர் சொல்வது கார் வாங்கும் இடத்திலும் பொருந்தும்.