வருண ஜெபமும் இரசாயன சாஸ்திரமும்

மழை பொய்த்தால் நம் நாட்டில் என்ன நடக்கின்றது? அண்டா நிறைய நீரூற்றி, அதில் புரோகிதர்கள் கழுத்தளவு உட்கார்ந்து வருண ஜெபம் செய்கின்றார்கள். 2019ம் வருஷ வறட்சியின்போது அறநிலையத் துறையே மழைக்கு யாகம் நடத்தும்படி கோவில்களுக்குச் சுற்றறிக்கை விட்டது. ஜனங்களுக்குக் குடிக்க நீரில்லை; ஜெபத்திற்கு மாத்திரம் அண்டா நிறைய நீர்!

வருணனைக் கேளாமலே பாலைவனக் காற்றிலிருந்து நீர் எடுத்துக் காட்டியிருக்கின்றார் ஓமர் யாகி. இவர் ஜோர்டானில், குழாய் நீரில்லாத பாலஸ்தீன அகதி வீட்டில் வளர்ந்தவர். உலோக அணுக்களை முடிச்சாகவும், கரியணு கலந்த மூலக்கூறுகளைக் கழியாகவும் வைத்துப் பந்தல்போல் கட்டிய பொடி அது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத அறைகள். இரவில் காற்றின் ஈரம் அவற்றில் ஒண்டும். பகலில் வெயில் பட்டதும் ஆவியாக வெளியேறிக் குளிர்ந்து நீராகும். அரிசோனா பாலைவனத்தில் இதைச் சோதித்தார்கள். இவ்விதப் பொருள்களை உண்டாக்கியதற்காக ராப்சன், கிட்டகாவா, யாகி மூவருக்கும் 2025ல் நோபல் பரிசு கிடைத்தது.

கிடைக்கும் நீர் கொஞ்சந்தானே என்பீர்கள். ஆம், கொஞ்சந்தான். ஆனால் ஏன் கொஞ்சம் என்பதற்கு இரசாயனி கணக்குச் சொல்லுகின்றான், கூட்டவும் உழைக்கின்றான். ஜெபம் பலிக்காவிட்டால் புரோகிதன் கணக்குச் சொல்லுவானா? தட்சணையைத்தான் திருப்பித் தருவானா?

"இதெல்லாம் வருணாஸ்திரத்திலேயே இருக்கின்றது" என்று நாளை சில பண்டிதர்கள் புறப்படுவார்கள். இருந்தால், இத்தனை காலம் அண்டாவுக்குள் ஏன் உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள்!

யாகத்திற்கு நெய் கொடுக்கும் கை, இனி உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திற்கு நாலு சோதனைக் குழாய் வாங்கிக் கொடுக்கட்டும்.