செத்தவன் கூலிக்குச் சாட்சி யார்?

சென்னை உயர்நீதிமன்றத்தில் நான் தொழிலுக்கு வந்த புதிதில் சீனியர் ஒருவர் சொன்னார்: "தம்பி, கிரிமினல் பக்கம் போ. பி.சி.ஆர். கேசு நெறைய வரும். சிவில்ல ஒங்க ஆளுங்களுக்கு என்ன சொத்து கெடக்குது?" நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். சேரிக்காரன் அடிபடுவான், செத்துப்போவான். ஆனால் அவன் சாவுக்கு நஷ்டக் கணக்கு உண்டு என்பது அந்த நல்லெண்ணத்துக்கு எட்டவில்லை. நான் சிவிலிலேயே நின்றேன். திண்டிவனம், விழுப்புரம் தீர்ப்பாயங்களிலிருந்து வரும் விபத்து இழப்பீட்டு மேல்முறையீடுகள்தான் என் பிழைப்பு.

திண்டிவனம் பக்கத்துக் காலனிக்காரர் ஒருவர். வயது 38. நடவு, அறுப்பு, மூட்டை தூக்குவது என்று கிடைத்த வேலைக்கெல்லாம் போனவர். சைக்கிளில் திரும்பும்போது நெடுஞ்சாலையில் லாரி அடித்துப்போட்டது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் மிச்சம். வருமானத்துக்கு ஆதாரம் இல்லை என்று தீர்ப்பாயம் மாதம் 3,000 போட்டது. கால்பங்கு கழித்து 15 ஆண்டால் பெருக்கினால் 4,05,000.

மேல்முறையீட்டில் 2014ஆம் ஆண்டு சையத் சாதிக் தீர்ப்பைக் காட்டினோம். சீட்டு இல்லாத காய்கறி வியாபாரிக்கு உச்சநீதிமன்றம் மாதம் 6,500 போட்ட வழக்கு அது. எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்க்கச் சொன்ன 2017 பிரணய் சேத்தி தீர்ப்பையும் காட்டினோம். தொகை 12,28,500 ஆனது. அந்த அம்மா கேட்டாங்க: "ஏண்ணா, அப்ப மொதல்ல போட்டது யாரு கணக்கு?"

நானும் அதைத்தான் கேட்கிறேன்.

ஆதாரம் என்கிறார்களே, யாரிடம் இருக்கிறது ஆதாரம்? நிலமுள்ளவன் செத்தால் பட்டா, சிட்டா, அடங்கல் வரும். நமக்கென்று 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் பத்திரமே இன்று யார் பெட்டியிலோ கிடக்கிறது. கூலியை எண்ணிக் கையில் கொடுத்தவன் ரசீதா கொடுத்தான்? சாட்சிக்குக் கூப்பிட்டால், "எப்பவாச்சும் வருவான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிறான். உயிரோடு இருந்தபோது கூலியைக் குறைத்தவன் வாய், செத்த பிறகும் குறைக்கிறது. இதைத்தான் சாட்சியம் என்கிறார்கள்.

பிள்ளைகளுக்கும் இதே கதை. 1995இல் பியாஸ் ஆற்றில் தனியார் பள்ளிப் பிள்ளைகள் 14 பேர் மூழ்கினார்கள். 2001இல் உச்சநீதிமன்றம் ஆளுக்கு 5 லட்சத்தை உறுதி செய்தது. உயர் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதையும் கணக்கில் எடுத்தது. 1997இல் டெல்லியில் பஸ் யமுனையில் விழுந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 29 பேர் செத்தார்கள். அவர்களுக்கு ஆண்டு வருமானம் 15,000 என்ற அட்டவணைதான் அடிக்கணக்கு. அதன்மேல்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். சட்டப்பிரிவு வேறு என்பார்கள். பெற்ற வயிறு வேறா? அப்பன் எங்கே இருந்தானோ அங்கேதான் மகனும் இருந்திருப்பான் என்று எழுதுவதற்குப் பெயர் வருணாசிரமம். கணக்குப் பாடம் அல்ல.

நம்மாட்களையும் சொல்லணும். லோக் அதாலத்தில் "கெடைச்சத வாங்கிக்கம்மா" என்று கைநாட்டு வாங்கிக் கொடுக்கிற வக்கீல்களில் நம் சாதிக்காரனும் இருக்கிறான். சாவு விழுந்தால் மறியல் செய்கிறோம், மாலை போடுகிறோம். 90 நாளுக்குள் அப்பீல் போடணும் என்று அந்த வீட்டில் போய் யார் சொல்கிறோம்?

சட்டம் படிக்கிற தம்பி, தங்கச்சிகளே, சிவில் பக்கம் வாருங்கள். கூலிக்குப் போனவர்களின் நாள்கணக்கை ஊரூராக எழுதி வையுங்கள். கூட வேலை செய்த பெண்களைக் கூண்டில் ஏற்றுங்கள். பண்ணைக்காரன் வேண்டாம், அவங்க சொல்லட்டும் கூலி எவ்வளவு என்று. அரசே அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் அப்பீல் போடுங்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.