கொடையா, கூலியா?

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் வணிகரின் துணிவால் செழித்தது என்பர். 1698 முதல் 1807 வரை அத்துறைமுகத்தினின்று 2,000-க்கும் மேற்பட்ட அடிமைக் கப்பற்பயணங்கள் புறப்பட்டன. பித்தளைக் கலங்களும் துணியும் ஆப்பிரிக்கா சென்றன. விலங்கிடப்பட்ட மாந்தர் மேற்கிந்தியத் தீவுகளில் விற்கப்பட்டனர். அவர்கள் விளைவித்த சர்க்கரை பிரிஸ்டலுக்கு வந்தது. கப்பல் தச்சர் முதல் வங்கியாளர் வரை அனைவரும் அதனால் வாழ்ந்தனர்.

"அந்நகரில் பிறந்த எட்வர்டு கோல்ஸ்டன் பள்ளியும் முதியோர் இல்லமும் கட்டவில்லையா?" என வாதிடுவோர் உண்டு. கட்டினார். ஆனால் அவர், அடிமை வணிகம் நடத்திய ராயல் ஆப்பிரிக்கக் கம்பெனியின் துணை ஆளுநராகவும் இருந்தவர். உழைப்பவரின் கூலியைப் பறிப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவமென்று திருச்சபை நமக்குக் கற்பிக்கவில்லையா? பறித்த கூலியில் ஒரு பிடியைத் திருப்பி, அதையும் வேறொருவருக்கு ஈவது எவ்வாறு அறமாகும்?

1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றிய பிரித்தானியப் பாராளுமன்றம் 2 கோடிப் பவுன் இழப்பீடு வழங்கியது. அடிமைகளுக்கு அன்று, அவர்தம் உடைமையாளருக்கு!

1895-இல் எழுப்பிய கோல்ஸ்டன் சிலையை 2020-இல் மக்கள் துறைமுக நீரில் தள்ளினர். வரலாறு அழிந்ததென வருந்துவோரே, அதன் பீடத்தில் அடிமைகளைப் பற்றி ஒரு சொல்லேனும் பொறிக்கப்பட்டிருந்ததா? கொடையாளரைப் போற்றுமுன் அது எவர் பணமென்று கேட்பது கிறிஸ்தவரின் கடமை.