பார்த்துச் சொல்வதற்கும் கூலி உண்டு

மார்கழி பிறந்ததும் ஊட்டியில் என் பட்டறைக்கு வரும் பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் ஒரே குறையோடுதான் வருகின்றன. காலையில் செல்ஃப் அடித்தால் லேசில் பிடிப்பதில்லை. பிடித்தாலும் மிஸ் அடித்து உதறுகிறது. சூடேறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. வண்டியோடு தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடும்: “அண்ணா, பிளக் நாலையும் மாத்திடுங்க.” மாற்றிக் கொடுத்தால் சின்ன வேலை, பில்லில் ஒரு வரி, இரு தரப்புக்கும் நிம்மதி. ஆனால் பழைய பிளக் என்ன சொல்கிறது என்று பார்க்காமலேயே புதியதைப் பூட்டும் இந்தப் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். அதற்கு வண்டிக்காரரும் மெக்கானிக்கும் கூலியைப் பற்றி வெளிப்படையாகப் பேசவும் வேண்டும்.

குளிர் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எரிவது பெட்ரோல் அல்ல, பெட்ரோலின் ஆவி. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உறைபனி விழும் நாட்களில் விடியற்காலை வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும். அந்தக் குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. அதை ஈடுகட்ட என்ஜினின் கணினி கூடுதலாகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. அதே நேரத்தில் பேட்டரி சோர்ந்திருக்கும், ஆயில் கெட்டிப்பட்டிருக்கும், தீப்பொறி தாண்டுவதற்குத் தேவையான வோல்டேஜும் கூடியிருக்கும். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான வெப்பம் தேவை. பகல் வெயிலில் மறைந்துகிடக்கும் சிறு பலவீனம்கூட அந்த ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பலவீனம் பிளக்கிலும் இருக்கலாம், வேறு பல இடங்களிலும் இருக்கலாம்.

எங்கே என்று தெரிந்துகொள்ள வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, கொதிக்கும் என்ஜினைக் காட்டி, “காலையில உதறுதுங்க” என்றால் எந்த மெக்கானிக்காலும் யூகிக்க மட்டுமே முடியும். அதனால்தான் முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். விடிந்ததும் பேட்டரியைப் பார்ப்பேன். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் மற்றதெல்லாம் அப்புறம்தான். பிறகு ஸ்கேனரை மாட்டி, கூலன்ட் வெப்பநிலை சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்ப்பேன். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அந்த எண்ணும் வெளிக்காற்றின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்து, செல்ஃப் அடிக்காமல் சாவியை இரண்டு முறை ஆன் செய்து, பம்ப் ஓடி நிற்க விட்டு, பிறகு ஸ்டார்ட் செய்வேன். அப்போது உடனே பிடித்துக்கொண்டால், இரவில் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடித்தால், அதன் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பேன். மிஸ்ஸும் கூடவே இடம் மாறினால் குற்றம் காயிலில்.

அதன்பிறகுதான் பிளக். கழற்றும்போதே சிலிண்டர் வரிசைப்படி வெள்ளைத் தாளில் வைக்க வேண்டும். ஒன்றாகக் கொட்டிவிட்டால் பாதிச் செய்தி தொலைந்துபோகும். நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் கோளாறு பொதுவான இடத்தில்: காற்று, பெட்ரோல் அழுத்தம், சென்சார். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தச் சிலிண்டரில்: காயில், இன்ஜெக்டர், வால்வு, ரிங். நுனி இளம்பழுப்பும் சாம்பலும் கலந்திருந்தால் ஆரோக்கியம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது வண்டி கடைத்தெருவரை மட்டுமே போய் சூடேறாமலே திரும்புகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் வால்வு சீலோ ரிங்கோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. பீங்கான் கழுத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால், வாயு கசிகிறது என்று பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது உயர் வோல்டேஜில் எண்ணெய்த் துகள்கள் ஒட்டிய கறை. அதனால் தீங்கில்லை.

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியையின் கார் வந்தது. குளிர்காலம் முழுக்க இதே தொல்லை. வேறிடத்தில் பிளக்குகளை மாற்றினார்கள், தீரவில்லை என்றதும் விலை கூடிய இரிடியம் பிளக்குகளைப் போட்டார்கள். கழற்றிப் பார்த்தால் நான்கும் அழகான நிறத்தில் இருந்தன. ஸ்கேனரில், இரவெல்லாம் பனியில் நின்ற என்ஜினின் கூலன்ட் வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் காட்டியது. என்ஜின் சூடாக இருப்பதாக நம்பிய கணினி, குளிருக்கு வேண்டிய கூடுதல் பெட்ரோலைக் கொடுக்கவில்லை. சென்சார் முழுதாகச் செத்திருந்தால் எச்சரிக்கை விளக்காவது எரிந்திருக்கும். அது நம்பும்படியான பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. புதிய சென்சாரின் விலை அந்த இரிடியம் செட்டின் விலையில் சிறு பங்குதான்.

பிளக்கை உண்மையிலேயே மாற்ற வேண்டிய நேரமும் வரும். சாதாரண நிக்கல் பிளக் 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். தேயத் தேய இடைவெளி அகலும், தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படும். நிக்கல் சுமார் 1,455 டிகிரியில் உருகும், இரிடியம் 2,400 டிகிரிக்கும் மேலே. அதனால் இரிடியம் நுனியை ஊசிபோல் மெலிதாகச் செய்யலாம். குறைந்த வோல்டேஜிலேயே பொறி தாண்டும், ஒரு லட்சம் கிலோமீட்டர்கூடத் தாங்கும். உங்கள் கையேடு இரிடியம் என்று சொன்னால் மிச்சம் பிடிக்க நிக்கல் போடாதீர்கள். நிக்கல் என்று சொன்னால், இரிடியம் எல்லா நோயையும் தீர்க்கும் என்று வாங்காதீர்கள்.

குளிர்ப் பிரதேசம் என்பதால் ‘ஹாட் பிளக்’ கேட்டு வருபவர்களும் உண்டு. ஹாட், கோல்ட் என்பது ஊரின் தட்பவெப்பத்தைக் குறிப்பதல்ல. நுனியின் சூட்டை பிளக் எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைக் குறிப்பது. நுனி 500 டிகிரியையாவது எட்டினால்தான் படியும் கரி எரிந்துபோகும். 800-ஐத் தாண்டிக்கொண்டே போனால் பொறி வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றி, பிஸ்டனையே ஓட்டை போடலாம். ஊட்டிப் பனியில் தூங்கும் அதே கார்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஆள், மூட்டையோடு கல்லாறு தாண்டி மலை ஏறுகிறது. இரண்டுக்கும் பொருந்தும் எண்ணைக் கையேட்டில் தயாரிப்பாளர் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் “இதுவும் ஒண்ணுதான்” என்று நீட்டினால் எண்ணைச் சரிபாருங்கள். என்ஜிகே பிளக்கில் பிகேஆர்6இ-11 என்றிருந்தால் 6 வெப்ப எண், 11 என்பது 1.1 மில்லிமீட்டர் இடைவெளி. அங்கே எண் கூடினால் கோல்ட், பாஷ் பிளக்கிலோ எண் கூடினால் ஹாட். ஆகவே வேறு கம்பெனி பிளக் வாங்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். பூட்டுவது ஆறிய என்ஜினில், முதலில் விரலால். 14 மில்லிமீட்டர் மரை என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அலுமினிய ஹெட்டில் மரை போனால் செலவு பிளக்கோடு நிற்காது.

இவ்வளவும் தெரிந்த மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பிறகு ஏன் பார்க்காமல் மாற்றுகிறார்கள்? மாற்றிய பொருளுக்குத்தான் காசு கிடைக்கிறது. காலை முழுக்கத் தேடி, வயர் கனெக்டரில் ஏறிய பச்சைக் களிம்பைத் துடைத்துக் கொடுத்தால், “துடைச்சுதானே விட்டீங்க, இதுக்கா காசு?” என்ற கேள்வி வருகிறது. பொருளை மாற்றினால் கேள்வியே இல்லை. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பட்டறைக்கு வரும் பையன்கள் தொழில் கற்கிறார்கள். ஸ்பேனர் பிடிக்க வருகிறது, காரணம் தேட வருவதில்லை. இழப்பு வண்டிக்காரருக்குத்தான். தீராத மிஸ்ஸோடு ஓடும் காரில் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். அதன் விலைக்கு எத்தனையோ செட் பிளக் வாங்கலாம்.

ஆகவே வண்டிக்காரர்களிடம் கேட்கிறேன்: கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனிக் கூலி எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். பிளக் மாற்றினால் பழையதைச் சிலிண்டர் எண் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் மாற்றினார்கள் என்பதைப் பில்லில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தொழில் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: தேடிப் பார்த்து, மாற்ற எதுவும் இல்லை என்று தெரிந்தால், அதைத் தயங்காமல் சொல்லுங்கள், தேடியதற்கு உரிய கூலியையும் தயங்காமல் கேளுங்கள். அந்தப் பணம் நம் கைக்கு ஒழுங்காக வரத் தொடங்கினால், தேவையில்லாத பொருளை விற்றுப் பிழைக்க வேண்டிய நிலை நமக்கு இருக்காது. நம்மிடம் கற்கும் பையன்களும் தேடுவதே தொழில் என்று கற்பார்கள்.