ஊசியும் ஊராரும்

நம் ஊர்களில் தாய்மார்களுக்கு உழைக்க உரிமை உண்டு. பொழுதுபோக்க உரிமை கிடையாது. அதிலும் பிள்ளைக்கு ஏதோ குறை என்று டாக்டர் ஒரு பெயர் சொல்லிவிட்டாரானால், அன்றிலிருந்து அந்தத் தாயின் கையில் கரண்டியும் மருந்துச் சீட்டும் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். இதை இயற்றிய பெரியோர்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தேன். திண்ணையில் சீட்டாடுகிறவர்களும், சாயங்காலம் டெலிவிஷன் முன் உட்கார்ந்தால் இரவு பத்துக்கு எழுந்திருக்கிறவர்களும்தான்!

உடையார்பாளையம் நூலுக்குப் புதிய ஊர் அல்ல. இந்த வட்டாரத்தில் தறியின் சப்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்கள் ஏராளம். ஆண் தறியில் உட்கார்ந்தால் பெண் தார் சுற்றிக் கொடுப்பாள். அறுந்த இழையை முடிவாள். ஒரு காலால் தூளியை ஆட்டிக்கொண்டே கையால் ராட்டையைச் சுற்றுவாள். "பிள்ளையை வைத்துக்கொண்டு நூல் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று அவளை யாரும் கேட்டதில்லை. அந்த நூலுக்குக் கூலி உண்டல்லவா? அந்தக் கூலியில் வீட்டு அடுப்பு எரிகிறதல்லவா? அதே பெண் தனக்கென்று ஒரு நூல் உருண்டை வாங்கி, குரோஷா ஊசியால் ஒரு வாசல் திரை பின்னட்டும். அது ஊதாரித்தனம், அலட்சியம், தாயன்பில்லாத தன்மை என்று மூன்று குற்றச்சாட்டுகள் உடனே தயாராகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். பெயர் வேண்டாம், என்னை 'அக்கா' என்று அழைக்கிறவள். இரண்டு பையன்கள், இருவருக்கும் ஆட்டிசம். மூத்தவன் பேசுவதில்லை. இளையவன் பேசுகிறான், நாம் கேட்ட கேள்வியையே நமக்குத் திருப்பித் தருகிறான். ஒருவனுக்குக் குக்கர் விசில் ஆகாது. மற்றவனுக்குச் சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துண்டு லேபிள் ஆகாது. பயிற்சிக்கென்று திருச்சிக்குப் பஸ் ஏறினால் போகும்போது ஒரு யுத்தம், வரும்போது ஒரு யுத்தம். விடியற்காலை ஐந்துக்கு ஆரம்பிக்கிற அவளுடைய நாள் இரவு பதினொன்றுக்கு முடிந்தால் அதிருஷ்டம்.

அந்த நாளிலிருந்து அவள் தனக்கென்று பிய்த்துக்கொள்வது அரை மணி நேரம். முதலில் கம்பளி நூலும் இரண்டு ஊசியுமாகத்தான் பின்னிக்கொண்டிருந்தாள். (நம் ஊர்க் கத்திரி வெயிலில் கம்பளியை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது, அது வேறு விஷயம்.) இளையவனுக்குக் கம்பளி மேலே பட்டாலே உடம்பு கூசியது. மூத்தவன் ஒரு நாள் ஊசியை உருவிவிட்டான். நூறு கண்ணிகளும் கழன்று தொங்கின. அப்புறம் பருத்தி நூலுக்கும் குரோஷாவுக்கும் மாறினாள். குரோஷாவில் ஊசியில் நிற்பது அநேகமாக ஒரே ஒரு கண்ணி. உள்ளே பையன் அலறினால் அப்படியே போட்டுவிட்டு ஓடலாம். திரும்பி வந்தால் நஷ்டம் இரண்டு மூன்று கண்ணிகள்தான். வரிசைக் கணக்கைக் காலண்டர் தாளில் கோடு போட்டு வைக்கிறாள். வேலை முடிந்ததும் ஊசி அலமாரியின் மேல் தட்டுக்குப் போய்ப் பூட்டிக்கொள்ளும். இத்தனை முன்யோசனை உள்ளவளைத்தான் நாம் அலட்சியக்காரி என்கிறோம்!

"ரெண்டு புள்ளையும் இப்படிக் கெடக்க, இவளுக்கு ஊசியும் நூலும் கேக்குது பாரு" என்று ஒரு பெரியம்மாள் என்னிடமே சொன்னாள். இவ்வூர்ச் சிவனுக்குப் பயறணீஸ்வரர் என்று பெயர். சுங்கத்துக்குப் பயந்து மிளகைப் பயறு என்று பொய் சொன்ன வியாபாரியின் மூட்டைகளை நிஜமாகவே பயறாக்கிய கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அரை மணியை அரை நாளாக்குகிற எங்கள் தெருக்காரர்களின் வித்தையோ அதையும் மிஞ்சியது. வியாபாரி அழுது வேண்டியதும் பயறு மறுபடி மிளகாயிற்று. தெருவார் ஆக்கியது ஆக்கியதுதான்.

வம்போடு நின்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். "இவள் சரியாகக் கொஞ்சாததால்தான் பிள்ளைகள் இப்படி ஆயின" என்றும் பேசுகிறார்கள். இதுதான் விஷம். இந்த விஷத்தைக் காய்ச்சியவர்கள் நம் பாட்டிகள் அல்ல, மெத்தப் படித்தவர்கள். அமெரிக்காவில் லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் 11 குழந்தைகளைக் கவனித்து, ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக எழுதினார். நல்ல காரியம். ஆனால் 1949-ல், இக்குழந்தைகள் பெற்றோரின் குளிர்ந்த மனத்தில், உறைபெட்டிக்குள் வைத்ததுபோல் வளர்ந்தவர்கள் என்ற தோரணையில் அவரே எழுதினார். 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் இன்னும் ஒரு படி மேலே போனார். தாம் அடைபட்டிருந்த நாஜி முகாம்களின் கைதிகளோடு இக்குழந்தைகளை ஒப்பிட்டார். குழந்தை கைதி என்றால் தாய் யார்? காவலாளி! எத்தனை வீடுகளில் எத்தனை பெண்கள் இதைப் படித்து இரவெல்லாம் விழித்திருப்பார்கள்!

பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-லேயே ஒரு புத்தகம் எழுதி இந்தக் கொள்கையைத் தகர்த்திருந்தார். அவர் மனோதத்துவம் படித்தவர். ஆட்டிசம் உள்ள பையனுக்குத் தகப்பனார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. பிறவியோடு வருகிற பங்கு பெரிது என்பது அப்போதே துலங்கிற்று. தாயின் கொஞ்சலுக்கும் ஊசிக்கும் இதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. உலகம் கைவிட்ட பழைய பழியை நம் தெரு மட்டும் ஏன் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கிறது?

அவளுக்காகப் பரிந்து பேசுகிறவர்களிடமும் எனக்கு வழக்கு உண்டு. "பின்னினால் மனசு அமைதியாகும், அமைதியானால் பிள்ளைகளை இன்னும் நன்றாகக் கவனிப்பாள், ஆகையால் பின்னட்டுமே" என்கிறார்கள். பெரிய தயாளம்! வண்டிமாட்டுக்குப் புல் போடுகிறவன் பேச்சு இது. அவள் பின்னுவது அவளுக்குப் பிடித்திருப்பதால். அதற்குமேல் காரணம் கேட்க நாம் யார்? திண்ணையில் சீட்டாடுகிறவரிடம், "இதனால் உங்கள் தகப்பனார் கடமை எவ்வளவு சிறக்கிறது?" என்று யாராவது கேட்டதுண்டா?

2016 ஜனவரியில் சென்னையில் பெண்கள் பலர் சேர்ந்து, தாங்கள் பின்னியதை ஒன்றாக்கி, 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். பாராட்டினோம். கூட்டமாகப் பின்னினால் சாதனை, ஒருத்தி தன் வீட்டு மூலையில் பின்னினால் சுயநலமா?

சர்க்கார்கூட நம்மைவிட இளகிய மனம் படைத்தது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வீட்டாருக்குச் சில நாள் ஓய்வு கிடைக்கும்படி பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ள, அந்த அறக்கட்டளை 'சமர்த்' என்று ஒரு திட்டமே கொண்டுவந்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி தருவதைப் பற்றிப் பேசுகிறது. பார்த்துக்கொள்வது ஓர் உழைப்பு, உழைப்புக்கு ஓய்வு வேண்டும் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது. எங்கள் தெருவில் 'சமர்த்து' என்றால் வாய் திறக்காமல் வேலை செய்கிற மருமகள் என்று மட்டுமே அர்த்தம்.

அவள் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லவர், குடி, கூத்து ஒன்றும் இல்லை. பின்னல் வேலையில் அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். ஆட்சேபணை இல்லாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அரை மணி, மூத்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தால் என்ன? அவனுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியுமோ என்னவோ.

அந்தப் பெரியம்மாள் போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தாளாம். பேத்திக்குச் சீர் வைக்க ஒரு மேஜை விரிப்பும் இரண்டு தலையணை உறையும் குரோஷாவில் பின்னித் தர வேண்டுமாம். "சும்மாதானே உட்கார்ந்து பின்னுகிறாய்" என்றாளாம். நூல் விலையைத் தனியாகவும் கூலியைத் தனியாகவும் எழுதி, முன்பணம் வாங்கிக்கொண்டு ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறேன்.